நிதானத்தைக் கருவாகக் கொண்டு ஒரு கலைத்திட்டத்தை உருவாக்குதல்

வேகத்தைக் குறைத்தல் என்ற கருவை எடுத்துக்கொண்டு கலைத்திட்டம் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் வரைவது பெரும்பாலும் நத்தை, ஆமை, நின்றுபோன கடிகாரம், காலியாகக் கிடக்கும் நாற்காலி ஆகியவற்றைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நின்ற கடிகாரம் ஒன்றை, அடுத்த வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு ஒரே மாலையில் வரைந்து முடித்தேன்; முடித்த பிறகு அந்தப் படத்துக்கும் நிதானத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கே விளங்கவில்லை. மெதுவான ஒன்றின் உருவத்தைக் காட்டுவது வேறு, மெதுவாக மட்டுமே உருவாகக்கூடிய ஒன்றைச் செய்வது வேறு என்பது பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் யோசனைகள் எல்லாம் ஒரே சோதனையைச் சுற்றி அமைந்திருக்கின்றன: நீங்கள் திட்டமிட்டிருக்கும் படைப்பை ஒரே மாலையில் செய்து முடித்தாலும் அதில் எதுவும் குறைந்துபோகாது என்றால், அது இன்னும் நிதானத்தைப் பற்றிய படைப்பாக ஆகவில்லை.

அந்தச் சோதனையில் ஐயமின்றித் தேறும் படைப்புக்கு எடுத்துக்காட்டாகப் போலந்து ஓவியர் ரோமன் ஓபாவ்காவின் வேலையைச் சொல்லலாம். 1965-ல் கருப்புப் பூசிய கான்வாஸ் ஒன்றின் இடது மேல் மூலையில் அவர் வெள்ளை வண்ணத்தால் 1 என்று எழுதினார். அடுத்து 2, அடுத்து 3. ஒரு கான்வாஸ் நிறைந்ததும், விட்ட எண்ணிலிருந்து அடுத்ததில் தொடர்ந்தார். 1972 முதல் ஒவ்வொரு புதிய கான்வாஸின் பின்னணியிலும் முந்தையதைவிட ஒரு சதவீதம் கூடுதலாக வெள்ளையைக் கலந்தார். இறுதி ஆண்டுகளில் வெண்மையின் மேல் வெண்மையாகவே எண்கள் விழுந்தன. 2011-ல் இறந்தபோது அவர் 56,07,249 என்ற எண் வரை எழுதியிருந்தார். இந்தப் படைப்பைச் சுருக்கவோ விரைவுபடுத்தவோ வழியே இல்லை, ஏனென்றால் அதில் செலவான 46 ஆண்டுகள்தான் அதன் பொருள். உங்கள் திட்டம் 46 நாள்களோடு முடியலாம். ஆனால் செலவான காலம் படைப்பின் உடலுக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கணம் அதற்கும் பொருந்தும்.

எந்த நிதானம்?

தூரிகையையோ கேமராவையோ எடுப்பதற்கு முன் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் வேகக் குறைவைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்பவை அல்ல. தாமதம் என்னும்போது யாரோ காத்திருக்கிறார்கள், ஏதோ ஒரு நேரம் கடந்துவிட்டது. மந்தம் என்பதில் உயிர்ப்புக் குறைந்திருக்கிறது. பொறுமையில் ஒன்றைத் தாங்கிக்கொள்ளும் வலிமை இருக்கிறது. ஓய்வில் வேலை நின்றுவிட்டது. நிதானத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அளந்து நடக்கிறது; அந்தச் சொல்லுக்குள் தெளிந்த அறிவு என்ற பொருளும் இருப்பதால்தான் மயக்கத்தில் தடுமாறுகிறவரை நிதானம் இழந்தவர் என்கிறோம். 'ஆற அமர' என்ற தொடரில் ஆறுவது சூடு. அது தணியும் வரை உட்கார்ந்திருப்பவரின் உருவம் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. இசைக்கலைஞர்கள் சொல்லும் விளம்ப காலம் இன்னொரு வகை: அதில் பாடுகிறவர் சோர்ந்து பாடுவதில்லை, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள நீண்ட வெளியைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு பாடுகிறார். இவற்றில் எது உங்களை இழுக்கிறதோ அதை ஒரு தாளின் தலைப்பில் எழுதி, அதன்கீழ் உங்கள் சொந்த வாழ்வில் அந்தச் சொல் உண்மையாக இருந்த மூன்று நேரங்களை விரிவாக எழுதுங்கள். கருத்துகளை எழுத வேண்டாம். எந்த அறை, என்ன ஒலி, கைகள் எங்கே இருந்தன என்பவற்றை எழுதினால் போதும். திட்டத்தின் பொருள்களும் வடிவமும் பல வேளைகளில் அந்தப் பக்கத்திலிருந்தே கிடைத்துவிடும்.

அடுத்து, எதன் வேகத்தைக் குறைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கையின் வேகமா, கண்ணின் வேகமா, நடக்கும் உடலின் வேகமா, பயன்படுத்தும் பொருளின் வேகமா, வந்து பார்க்கப் போகிறவரின் வேகமா? இவற்றில் ஒன்றைத் தேர்ந்து அதையே முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தையும் ஒரே திட்டத்தில் அடக்க முயன்றால் எதுவும் ஆழமாகப் போகாது, விளக்கக் குறிப்பு மட்டும் நீண்டுகொண்டே போகும்.

பார்ப்பதில் தொடங்குங்கள்

எந்த ஊடகத்தில் வேலை செய்பவராக இருந்தாலும் முதல் பயிற்சி பார்ப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின்முன் செலவிட்ட நேரம் சராசரியாக 27 விநாடிகள் என்று கண்டார்கள். அதிலும் பாதிப் பார்வைகள் 17 விநாடிகளுக்குள் முடிந்துவிட்டன. இதற்கு நேர் எதிராக, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தம் மாணவர்களை ஒரே படைப்பின்முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். ஜான் சிங்கிள்டன் கோப்லி 1765-ல் வரைந்த, பறக்கும் அணிலுடன் இருக்கும் சிறுவனின் ஓவியத்தை அவரே அப்படிப் பார்த்த அனுபவத்தை எழுதியிருக்கிறார்: சிறுவனின் காது மடலின் வடிவமும் அணிலின் வயிற்று மயிர் ஓரத்தின் வடிவமும் ஒத்திருப்பதைக் கவனிக்க அவருக்கே ஒன்பது நிமிடங்கள் ஆயினவாம். ஓவியத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒன்பது நிமிடங்கள் என்றால், நமக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மூன்று மணி நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. முதல் நாள் அரை மணி, சில நாள் கழித்து ஒரு மணி, பிறகு மூன்று மணி என்று நீட்டுங்கள். பார்ப்பது ஓவியமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கல், சுவரில் ஈரம் படிந்த இடம், மேசைமீது மாறிக்கொண்டே இருக்கும் நிழல் எதுவும் பொருந்தும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒரு சாதாரணக் கடிகாரத்தை மாட்டிக்கொள்ளுங்கள். குறிப்பேட்டின் இடது ஓரத்தில் நேரத்தையும், எதிரே அந்த நேரத்தில் புதிதாகக் கண்ணில் பட்டதையும் எழுதுங்கள். என் குறிப்புகளில் எப்போதும் ஒரே ஒழுங்கு தென்படுகிறது: முதல் ஐந்து நிமிடங்களில் வரிகள் நெருக்கமாக விழும், அவை பெயர்ச்சொற்களாக இருக்கும். பத்தாம் நிமிடத்துக்குப் பிறகு பக்கம் வெறுமையாகிவிடும். சலிப்பு வரும், எழுந்துபோக ஒரு காரணம் மனத்தில் தயாராகும். அந்த வெறுமையான பகுதியைக் கடந்து உட்கார்ந்திருந்தால் இருபத்தைந்தாம் நிமிடம் வாக்கில் மீண்டும் வரிகள் வரத் தொடங்கும். இம்முறை அவை பொருள்களின் பெயர்களாக இல்லாமல் பொருள்களுக்கு இடையிலுள்ள உறவுகளாக, மாற்றங்களாக, நிறங்களின் சிறு வேறுபாடுகளாக இருக்கும். உங்கள் திட்டத்துக்கான விதை பெரும்பாலும் இந்த இரண்டாம் வரிசையில்தான் கிடைக்கும். ஆகவே குறிப்பேட்டில் சலிப்பு வந்த நேரத்தையும் மறைக்காமல் எழுதிவையுங்கள். பின்னால் பார்வையாளர் எந்த இடத்தில் விலகிப் போவார் என்பதை முன்கூட்டியே அறிய அது உதவும்.

விதி எழுதுதல்

நிதானத்தை நோக்கமாக மட்டும் வைத்துக்கொண்டால் அது இரண்டாம் வாரத்தில் கரைந்துவிடும். அதை ஒரு விதியாக மாற்ற வேண்டும். ஓன் கவாரா என்ற ஜப்பானிய ஓவியர் 1966 ஜனவரி 4 அன்று தொடங்கிய தேதி ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். ஒற்றை நிறப் பின்னணியில் அன்றைய தேதி மட்டும், கையால், பல பூச்சுகளாக எழுதப்பட்டிருக்கும். நள்ளிரவுக்குள் முடியாத ஓவியத்தை அவர் அழித்துவிடுவார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் அப்படி மூவாயிரத்தை நெருங்கிய ஓவியங்கள் சேர்ந்தன. 'ஒவ்வொரு நாளையும் மதிக்க வேண்டும்' என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. 'நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும்' என்ற ஒரு வரிதான் அந்த எண்ணத்தைக் கலைப்படைப்பாக மாற்றியது.

தேச்சிங் ஷியே என்ற கலைஞர் 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை நியூயார்க்கில் செய்த ஓராண்டு நிகழ்த்துகலையில் விதி இன்னும் கடுமையானது. தொழிலாளர்கள் வருகையைப் பதிவு செய்யும் நேரப்பதிவு இயந்திரம் ஒன்றை அறையில் நிறுவி, இரவும் பகலும் ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை அட்டையைப் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரே ஒரு சட்டகம் எடுத்தார். தொடக்கத்தில் தலையை மழித்துக்கொண்டதால், ஓராண்டும் ஏறக்குறைய ஆறு நிமிடங்களாக ஓடும் அந்தப் படத்தில் முடி வளர்வதைப் பார்த்தே காலம் ஓடுவதை உணரலாம். மொத்தம் 8,760 பதிவுகளில் 133 தவறிப்போயின. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி அந்த 133-தான். உறங்கிவிட்டதால் இத்தனை, தாமதமாகப் பதிந்தது இத்தனை, முன்னதாகவே பதிந்தது இத்தனை என்று காரணத்தோடு அவற்றையும் கணக்கில் காட்டினார். தவறியதை ஒளித்திருந்தால் அது மனித உடலின் ஓராண்டாக இருந்திருக்காது. இப்படிப்பட்ட உறக்கத்தை அழிக்கும் விதியை நீங்கள் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன், உடல்நலத்தைக் கெடுக்கும் விதி எதையும் எழுதாதீர்கள். தவறல்களைப் பதிவு செய்யும் நேர்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விதியை எழுதும்போது அது நான்கைந்து வரிகளுக்குள் இருக்கட்டும், வேறொருவர் படித்தால் உங்களிடம் கேட்காமலேயே செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கருவியால், எந்த நாளில் முடிக்க வேண்டும், ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பவை அதில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். அதனாலேயே முதல் தவறலில் மனம் உடைந்து திட்டத்தைக் கைவிடுகிறார்கள். தவறிய நாளுக்கு வெற்றுப் பக்கம் ஒன்றைத் தேதியுடன் விடுவது எளிய, நல்ல தீர்வு. எடுத்துக்காட்டாக: 'ஒவ்வொரு நாளும் காலையில் அதே சன்னல் அருகே உட்கார்ந்து, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், தாளின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை ஒரே ஒரு கோடு வரைவேன், அதற்கு இருபது நிமிடங்கள் எடுத்துக்கொள்வேன், நூறு நாள் முடிந்ததும் நிறுத்துவேன், தவறிய நாளின் தாள் வெறுமையாக இருக்கும்.' இருபது நிமிடக் கோடு என்பது கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் கை நடுங்குவதும் மூச்சு ஏறி இறங்குவதும் கோட்டில் பதிவதைக் காண முடியும். நூறு நாளுக்கு இருபது நிமிடம் என்றால் ஏறக்குறைய 33 மணி நேரம். தொடங்கும் முன் இந்தப் பெருக்கலைக் கட்டாயம் செய்து, அவ்வளவு நேரம் உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

விதியின் அளவைப் பற்றி என் தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே மரத்தை நாள்தோறும் இரண்டு மணி நேரம், ஓராண்டுக்கு வரைவது என்று ஒருமுறை விதி எழுதினேன். பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாளும் வரையவில்லை. பதினைந்தாம் நாள் அந்த மரத்தின் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. மறு ஆண்டு அதே மரத்துக்கு விதியைப் பத்து நிமிடமாகக் குறைத்தேன், ஒற்றைக் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது முடிவுவரை நின்றது, கூடவே பத்து நிமிடத்தில் தொடங்கிய பல நாள்கள் தாமாகவே முக்கால் மணி நேரமாக நீண்டன. நல்ல உடல்நிலையும் உற்சாகமும் உள்ள நாளில் உட்கார்ந்து விதியை எழுதுகிறோம். ஆனால் மிகவும் களைத்த நாளில்கூடச் செய்யக்கூடிய அளவாக அது இருக்க வேண்டும்.

காலத்தைத் தானே தீர்மானிக்கும் பொருள்கள்

விதியால் நம்மைக் கட்டிக்கொள்வது ஒரு வழி. அவசரப்படுத்தவே முடியாத பொருளிடம் வேலையை ஒப்படைப்பது மற்றொரு வழி. மன உறுதியை நம்ப வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒளிப்படக்கலை பிறந்ததே இப்படிப்பட்ட மெதுவான பொருளில்தான். 1838 வாக்கில் லூயி டகேர் பாரிஸின் ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தபோது தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனதால், அசைந்துகொண்டிருந்த மனிதர்களும் வண்டிகளும் படத்தில் இல்லாமலே போயினர். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும், மெருகேற்றியவரோடு, பதிவானார். நின்றவர் மட்டுமே தென்படுவார் என்ற இந்தப் பண்பை வைத்தே ஒரு முழுத் திட்டம் செய்யலாம்.

அதைவிடவும் மெதுவானது, சூரியப் பாதையைப் பதிவு செய்யும் ஊசித்துளைக் கேமரா. செலவு குறைவு, பொறுமை அதிகம் தேவை, முடிவு மனத்தை அள்ளும். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பானம் வந்த ஒரு தகர டின்னின் மேல் பகுதியை வெட்டி எடுத்து, உட்புறத்தைக் கழுவி உலர்த்துங்கள். பக்கவாட்டில் நடு உயரத்தில் மெல்லிய ஊசியால் ஒரு துளை இடுங்கள். விட்டம் அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில், கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடப் பயன்படும் ஒளியுணர் தாள் ஒன்றை, பளபளப்பான பக்கம் துளையை நோக்கி இருக்குமாறு உட்சுவரோடு வளைத்து வையுங்கள். தாள் துளையை மூடிவிடக் கூடாது. மேற்புறத்தை ஒளி புகாத அட்டையால் மூடி, கறுப்பு நாடாவால் பலமுறை சுற்றுங்கள். மழைநீர் உள்ளே போவதுதான் இத்திட்டங்கள் பாழாவதற்குப் பெரும்பாலும் காரணம். துளையின்மேல் ஒரு சிறு நாடாவை ஒட்டி, டின்னைப் பொருத்திய பிறகே அதை உரியுங்கள்.

வடகோளத்தில் இருப்பவர்கள் துளையைத் தெற்கு நோக்கியும் தென்கோளத்தில் இருப்பவர்கள் வடக்கு நோக்கியும் வைப்பது வழக்கம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் உச்சியைக் கடந்து போவதால், அங்கே கிழக்கு அல்லது மேற்கு நோக்கி வைத்து எழுகின்ற அல்லது இறங்குகின்ற பாதையைப் பிடிக்கலாம். காற்றில் சிறிதும் அசையாதபடி கட்டுங்கள், இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதியைப் பெறுங்கள், டின்னின்மேல் இது என்ன என்பதை விளக்கும் ஒரு குறிப்பை ஒட்டுங்கள்; நாடா சுற்றிய அடையாளம் தெரியாத டின் பிறருக்கு அச்சமூட்டும். டிசம்பர் 21 வாக்கில் வைத்து ஜூன் 21 வாக்கில் எடுத்தால், சூரியனின் பாதை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை நாள்தோறும் ஒரு கோடாக நகர்ந்து முழு அலையாகப் பதிந்திருக்கும். மேகம் மூடிய நாள்கள் அறுந்த கோடுகளாகவும் இடைவெளிகளாகவும் இருக்கும். எடுத்த தாளை ரசாயனத்தில் கழுவக் கூடாது. இருட்டில் வைத்திருந்து, ஸ்கேனரில் ஒரே முறை, உயர்ந்த துல்லியத்தில் நகலெடுங்கள். ஸ்கேனரின் ஒளியே தாளைக் கருக்கத் தொடங்கும் என்பதால் இரண்டாம் வாய்ப்பு அவ்வளவு நன்றாக அமையாது. பிறகு கணினியில் நிறங்களை எதிர்மறையாக்கி இடவலமாகத் திருப்பினால் படம் கிடைக்கும். பிரிட்டனின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-ல் ஒரு மாணவி பொருத்திவிட்டு மறந்துபோன டின் ஒன்று 2020-ல்தான் எடுக்கப்பட்டது; அதன் தாளில் 2,953 வளைகோடுகள் இருந்தன.

இதே வகையில் தாவரச் சாற்றுப் படங்களும் பொருந்தும். பூவிதழ் அல்லது இலையை அரைத்து வடிகட்டிய சாற்றைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையையோ ஒளிபுகும் தாளில் அச்சிட்ட படத்தையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஒளிபட்ட இடம் வெளுத்து உருவம் தெரியும். பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார். இப்படத்தை நிலைநிறுத்த வழியில்லை, பார்க்கப் பார்க்க வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே போகும். ஆகவே காட்சிக்கு வைக்கும்போது மேலே ஒரு துணியைத் தொங்கவிட்டு, பார்க்க விரும்புகிறவர் தாமே விலக்கிப் பார்க்கும்படி செய்யலாம். தம் பார்வைக்கே ஒரு விலை உண்டு என்பதை அவர் அறிந்து பார்ப்பார்.

எதுவும் மிஞ்சாத வேலைகளும் உண்டு. ஃபிரான்சிஸ் அலிஸ் 1997-ல் மெக்ஸிகோ நகரத் தெருக்களில் ஒரு பெரிய பனிக்கட்டியை, அது முற்றிலும் உருகிப்போகும்வரை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிக்கொண்டு போனார். சீனக் கலைஞர் சோங் டோங் 1995 முதல் தம் நாட்குறிப்பைக் கல்லின்மேல் தண்ணீரால் எழுதிவருகிறார். எழுதியது சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. இந்த வழியைத் தேர்ந்தால், பதிவுக்காகவே வேலை செய்யும் பழக்கத்திலிருந்து விடுபடலாம். பிறருக்குக் காட்ட என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே விடை வைத்திருங்கள்.

காணொளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கைபேசியில் விநாடிக்கு 240 சட்டகங்கள் எடுத்து 30 சட்டகங்களாக ஓடவிட்டால் எதுவும் எட்டு மடங்கு மெதுவாகிவிடும், ஆனால் எளிதில் கிடைக்கும் அந்த அழகை நம்ப வேண்டாம். பில் வியோலா 1995-ல் மூன்று பெண்கள் சந்திக்கும் 45 விநாடிக் காட்சியைப் பத்து நிமிடங்களாக நீட்டினார். அது தாங்கி நிற்பதற்குக் காரணம், அந்தச் சந்திப்பில் வரவேற்பும் தயக்கமும் ஒதுக்கலும் ஒன்றன்பின் ஒன்றாக முகங்களில் கடந்துபோவதுதான். நீட்டினால் புதிதாக எதுவும் தெரியாத அசைவை நீட்டிப் பயனில்லை. பல மணி நேரத்தைச் சில விநாடிகளாகச் சுருக்கும் காணொளி நேர் எதிரான வேலையைச் செய்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மலர் விரிவதற்கான காத்திருப்பை அது பார்வையாளரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறது.

பார்வையாளருக்கு நேரம் அமைத்துக் கொடுத்தல்

நூறு நாள் உழைப்பைச் சுவரில் மாட்டிவிட்டால் பார்வையாளரும் நிதானமாகிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் 27 விநாடிகளுக்குப் பழகியவர். அவரை நிறுத்துவதற்கான காரணம் படைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆட் ரைன்ஹார்ட் 1960-களில் வரைந்த கரிய ஓவியங்கள் ஒவ்வொன்றும் 152 சென்டிமீட்டர் சதுரம். அவை முதலில் வெறும் கருப்பாகத்தான் தெரியும். சில நிமிடங்கள் நின்றால் ஒன்பது கட்டங்களும், ஒன்றுக்கொன்று மிகச் சிறிதே வேறுபடும் நீல, சிவப்பு, பச்சைச் சாயல்களும், அவற்றினூடே ஒரு சிலுவை வடிவமும் மெல்ல எழும். ஜேம்ஸ் டரெலின் இருட்டறைப் படைப்புகளில் கண் இருளுக்குப் பழகக் கால் மணி நேரம் வரை ஆகும். அதற்குமுன் வெளியேறியவர் எதையும் பார்க்கவில்லை. இரண்டிலும் காத்திருப்பவருக்கு உறுதியாக ஒன்று கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெறுமனே காக்கவைத்துவிட்டு எதுவும் தராத படைப்பு பார்வையாளரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியவை பல. முதுகு சாய்ந்து உட்காரும் இருக்கைகளைப் படைப்பின்முன் போடுங்கள். நின்றுகொண்டிருப்பவரின் கால்கள் அவரை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையைக் குறையுங்கள், அறைக்கு ஒன்று என்றாலும் தவறில்லை. நூறு கோடுகள் வரைந்திருந்தால் நூறையும் ஒரே சுவரில் கட்டம் கட்டமாக மாட்டும் ஆசை வரும். அப்படி மாட்டினால் ஒரே பார்வையில் 'நூறு' என்ற எண்ணிக்கைதான் தெரியும். அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, மேசைமீது வைத்து, ஒன்றை எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்த பிறகே அடுத்ததை எடுக்கும்படி அமைத்தால், பார்ப்பவரின் கையும் உங்கள் விதிக்குள் வந்துவிடும். விளக்கக் குறிப்பை நுழைவாயிலில் வைக்காமல் வெளியேறும் இடத்தில் வையுங்கள்; முதலிலேயே படித்தவர் விடை தெரிந்த கேள்வியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் குறிப்பேட்டில் சலிப்பு வந்த நிமிடத்தை எழுதிவைத்தீர்கள் அல்லவா? அந்த நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு தெரியவரும்படி ஏதேனும் ஒன்றை, மங்கிய ஒரு நிறத்தையோ மிகத் தாழ்ந்த ஒரு ஒலியையோ, வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

காத்திருப்பையே பிறருடன் பகிரும் வழியும் உண்டு. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரிலுள்ள பழைய தேவாலயத்தில், ஜான் கேஜ் அமைத்த ஆர்கன் இசை ஒன்று 2001-ல் தொடங்கி 639 ஆண்டுகள் வாசிக்கப்படும் வகையில் நடந்துவருகிறது. தொடக்கமே ஓர் இடைமௌனம் என்பதால் முதல் ஒலி 2003-ல்தான் எழுந்தது. ஸ்வரம் மாறும் நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருப்பதால், அந்த ஒரு மாற்றத்தைக் கேட்க மக்கள் தொலைவிலிருந்து வந்து கூடுகிறார்கள். 2024 பிப்ரவரி 5 அன்றும் அப்படிக் கூடினார்கள். உங்கள் சிறிய திட்டத்திலும் டின்னைத் திறக்கும் நாளை, கடைசிக் கோட்டை வரையும் நாளை முன்பே அறிவித்து நாலு பேரை அழைக்கலாம்.

பதிவும் முடிவும்

திட்டம் நடக்கும்போது ஒவ்வொரு நாளின் வேலையையும் இணையத்தில் உடனுக்குடன் பகிர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பிறரின் விருப்பக்குறிகள் வரத் தொடங்கியதும் கை அறியாமலேயே நேற்று பாராட்டப்பட்ட கோட்டைப் போன்ற கோட்டை வரையத் தொடங்குகிறது. பகிர வேண்டிய கட்டாயம் இருந்தால் மாதம் ஒருமுறை, அதுவும் ஒரு மாதத்துக்கு முந்தையதைப் பகிருங்கள். உங்களுக்கான பதிவாக நாள், நேரம், வெளிச்சம், உடல்நிலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவந்தால் போதும். இறுதியில் எழுதும் விளக்கக் குறிப்புக்கு இந்த வரிகளே உதவும். அக்குறிப்பில் ஆழ்ந்த, தியானமான, அமைதியான என்பன போன்ற அடைமொழிகளைத் தவிர்த்து, என்ன விதி, எத்தனை நாள், எத்தனை தவறல், எந்தப் பொருள் என்பவற்றை 150 சொற்களுக்குள் எழுதுங்கள். அமைதியை உணர்வதா இல்லையா என்பதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடலாம்.

முடியும் நாளை விதியிலேயே எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சில படைப்புகள் செய்தவரின் வாழ்நாளையும் தாண்டிப் போகும்: யோசப் பாய்ஸ் 1982-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் 7,000 மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார், 1986-ல் அவர் இறந்தார், கடைசி மரத்தை 1987-ல் அவருடைய மகன் நட்டார். அவ்வளவு நீண்ட வேலைக்கு அடுத்துப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும். நூறு நாள் திட்டத்துக்கு அது தேவையில்லை, ஆனால் நன்றாகப் போகிறதே என்று நூற்றி இருபதாக நீட்டவோ, அலுத்துவிட்டதே என்று எண்பதில் நிறுத்தவோ கூடாது.

கடைசி நாள் முடிந்ததும் தாள்களை ஒரு உறையிலிட்டு, மேலே தேதியை எழுதி மூடிவையுங்கள். எவற்றைக் காட்சிக்கு வைப்பது என்று அன்றே தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், எந்த நாள் கடினமாக இருந்தது, எந்த நாள் இன்பமாக இருந்தது என்ற நினைவுதான் தேர்ந்தெடுக்கும். கோடுகள் கண்ணுக்குத் தெரியா. குறைந்தது ஒரு மாதம் அவற்றைப் பார்க்காமல் இருங்கள். பிறகு உறையைத் திறந்து, கடைசித் தாளிலிருந்து முதல் தாளை நோக்கி, நாளுக்குப் பத்துத் தாள்கள் வீதம் பாருங்கள்.